நான் சொன்ன தொண்ணூற்றெட்டு

முறுக்கு டின்னைத் திறந்ததும் ஓம வாசனையும் துப்பாக்கி எண்ணெய் வாசனையும் சேர்ந்து வந்து முகத்தில் அடித்தன. முறுக்கு தீர்ந்த டின்னைக் கழுவி, அதில் தோட்டா போட்டு வைக்கிற ஆள் இந்த டெக்சாஸ் முழுக்க நீ ஒருத்தன்தான் இருந்திருப்பாய். கழுவுகிற வேலையையாவது ஒழுங்காகச் செய்திருக்கலாம். இத்தனை வருடம் கழித்தும் மூடி விளிம்பில் ஓமம் ஒட்டிக்கொண்டிருக்கிறது.

இரண்டு வாரமாக அந்த டின் என் சாப்பாட்டு மேசையில் திறக்கப்படாமலே கிடந்தது. என் வீட்டம்மா அதைத் தொடவில்லை, எடு என்றும் சொல்லவில்லை. தட்டுகளை அதைச் சுற்றி வைத்துக்கொண்டோம். ஆபீஸ் போய், ஃப்ரீவேயில் ஒன்றரை மணி நேரம் ஊர்ந்து திரும்பி வந்து, ஷூவைக் கழற்றும்போதே அதுதான் கண்ணில் படும். நாளைக்குத் திறக்கலாம் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிடுவேன். உடம்பு அலுப்பு ஒரு பக்கம். அதைவிடப் பெரிய அலுப்பு ஒன்று உண்டு, அதைத்தான் உனக்கு எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

டின்னைக் கொடுத்தது உன் செல்வி. நீ போய்ச் சேர்ந்து ஒரு வருடம் முடிந்த பிறகுதான் அவளுக்கு உன் கராஜுக்குள் கால் வைக்கத் தெம்பு வந்திருக்கிறது. துப்பாக்கியை அவள் தம்பி முறைப்படி ஒரு கடையில் ஒப்படைத்துவிட்டானாம். மிச்சம் இருக்கிற டின்னை நீங்களே எடுத்துக்கொண்டு போய்விடுங்கள் அண்ணா என்று போன் செய்தாள். போனேன். நீ கறி வறுப்பதற்கென்று வைத்திருந்த கேஸ் அடுப்பு இன்னும் அந்த மூலையில்தான் இருக்கிறது. பன்றிக் கறி சமையலறைக்குள் வரக்கூடாது என்று செல்வி போட்ட சட்டத்துக்கு நீ கண்டுபிடித்த வழி அது.

டின்னை என் கையில் கொடுத்துவிட்டு அவள் போகாமல் நின்றாள். பிறகு சொன்னாள்.

"அன்னைக்கு அந்தப் பன்னி அடிபட்டு ஓடுச்சே, அப்பவே கை நடுங்குதுன்னு வந்து சொன்னாரு அண்ணா. நான்தான் சிரிச்சுட்டு விட்டுட்டேன். அப்பவே ஒரு ஸ்கேன் எடுத்திருந்தா, மூணு வருஷம் முன்னாடியே தெரிஞ்சிருக்கும்ல?"

எனக்குப் பதில் தெரியும். உன் கையில் அன்றைக்கு ஒரு கோளாறும் இல்லை என்று இந்த உலகத்தில் உறுதியாகச் சொல்லக்கூடிய ஒரே ஆள் நான். சொல்லவில்லை. மனசைப் போட்டு அலட்டிக்காதேம்மா என்று முனகிவிட்டு, டின்னைத் தூக்கிக்கொண்டு காரில் ஏறினேன். அவள் கராஜ் கதவைக்கூட மூடாமல் நின்றுகொண்டிருந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன்.

உனக்கு நினைவிருக்கும். வேட்டைக்கு நீ முதன்முதலில் என்னை இழுத்துக்கொண்டு போனபோது நான் கேட்ட முதல் கேள்வி, இவ்வளவு சத்தம் கம்மியா இருக்கே, இது நிஜத் தோட்டாதானா என்பது. நீ அந்தக் கனத்த தோட்டாவை என் உள்ளங்கையில் வைத்துப் பாடம் எடுத்தாய். உனக்குப் பாடம் எடுப்பது என்றால் சோறு தண்ணி வேண்டாம். சாதாரணத் தோட்டா சத்தத்தை முந்திக்கொண்டு பறக்கும், அதனால்தான் வானத்தில் சாட்டை சொடுக்கின மாதிரி வெடிக்கும். இது சப்சோனிக். சத்தத்தைவிட மெதுவாகப் போகும். துப்பாக்கி முனையில் சத்தத்தை அடக்குகிற சப்ரெஸரையும் மாட்டிவிட்டால், தடிப் புத்தகத்தை மூடின மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான்.

உனக்கு அது தேவைப்பட்டது. கேஸ் கம்ப்ரெஸர் ஸ்டேஷன் இரைச்சலில் பதினைந்து வருடம் வேலை பார்த்து, இடது காதில் ஓயாமல் ஒரு சிள்வண்டு கத்துகிறது என்பாய். நிலத்துக்காரருக்கும் தேவைப்பட்டது. அவர் பக்கத்து லாயத்தில் சினைக் குதிரைகள் நின்றன. வெடிச் சத்தம் கேட்டால் மிரளும், சத்தம் போடாமல் பன்றியை அடிப்பதானால் வா, இல்லாவிட்டால் வராதே என்று சொல்லியிருந்தார். அவருடைய வைக்கோல் நிலத்தைக் காட்டுப்பன்றிகள் ஒரே ராத்திரியில் ஏர் ஓட்டின மாதிரி கிளறிப் போட்டிருந்ததை நானும் பார்த்தேன்.

"சத்தம் கம்மின்னா சாவும் கம்மின்னு நினைச்சுக்காத மாப்ள. இது கிட்டப் போறவனுக்கான தோட்டா" என்றாய். வேகம் இல்லாததால் அது சீக்கிரம் கீழே இறங்கும். ஐம்பது கஜத்தில் குறி வைத்த இடத்தில் படுவது, நூறு கஜத்தில் ஒரு சாண் கீழே போய்விடும். போய்ச் சேரும்போது வலுவும் குறைந்திருக்கும். சரியான இடத்தில் படாவிட்டால் மிருகம் சாகாது, அரைகுறை உயிரோடு ஓடும். அதனால் தூரம் தெரியாமல் விரலை வைக்கவே கூடாது. எந்தத் தூரத்துக்கு எவ்வளவு ஏற்றிக் குறி வைக்க வேண்டும் என்று ஒரு அட்டையில் எழுதி, தேதியும் போட்டு, இந்த டின் மூடிக்கு உள்பக்கம் செருகி வைத்திருந்தாய். எதை எழுதினாலும் தேதி போடுகிற வியாதி உனக்கு. அட்டையில் கடைசி வரி நூறு கஜம். அதற்குக் கீழே ஒரு கோடு. நூறுக்கு மேல் ஒரு கஜம் என்றாலும் சுடமாட்டாய். எத்தனை தடவை துப்பாக்கியை இறக்கி வைத்துவிட்டு, போதும் மாப்ள, போய் டாக்கோ சாப்பிடலாம் என்று கிளம்பியிருக்கிறோம்.

என் வேலை சுலபம். தூரம் காட்டும் லேசர் கருவி என் கையில் இருக்கும். பன்றி நிலைத்து நின்றதும் நீ முணுமுணுப்பாய், நம்பர் சொல்லு. நான் பார்த்துச் சொல்வேன். சுடுவதற்கு எனக்கு ஆசையும் இல்லை, தைரியமும் இல்லை. எண்ணைப் படித்துச் சொல்கிற வேலைக்கு எஞ்சினியர் படிப்பே அதிகம் என்று நீ கிண்டல் செய்வாய்.

அந்த வருடம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்கு விளையாட்டுப் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். ஸ்கூல் ஃபுட்பால் மைதானம் கிடைத்தது. நூறு கஜத்துக்கு வெள்ளைக் கோடு ஏற்கெனவே போட்டு ரெடியாக இருக்கிறது. இந்த ஊர்க்காரன் யாராக இருந்தாலும் பிள்ளைகளை அதிலேயே ஓடவிட்டுப் பரிசைக் கொடுத்துவிட்டுப் போயிருப்பான். நாம் விடுவோமா? நூறு மீட்டர் ஓட்டம் என்றால் நூறு மீட்டர்தான் இருக்க வேண்டும் என்று கமிட்டியில் ஒரு அங்கிள் பிடிவாதம் பிடித்தார். ஊரில் இருக்கிற அத்தை பிள்ளைகள் எத்தனை நொடி, நம் பிள்ளைகள் எத்தனை நொடி என்று ஒப்பிட்டுப் பார்க்க வேண்டாமா என்று கேட்டார். மூன்று மீட்டிங் அதற்கே போனது. கடைசியில் உன்னிடம் லேசர் கருவியைக் கடன் வாங்கினேன். அதில் ஒரு பொத்தானை அழுத்திப் பிடித்தால் கஜம் மீட்டராக மாறும் என்று நீதான் சொல்லிக் கொடுத்தாய். மாற்றினேன், அளந்தேன், சுண்ணாம்புக் கோடு போட்டேன். உன் மகள் இரண்டாவதாக வந்தாள். மைதானத்தைப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான்: "அங்கிள், ஒய் ஆர் தேர் டூ ஃபினிஷ் லைன்ஸ்?"

அடுத்த சனிக்கிழமை விடியற்காலை நீ வந்து ஹாரன் அடித்தாய். கருவியை அப்படியே உன் பையில் போட்டேன். திரும்ப கஜத்துக்கு மாற்ற வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை.

முந்தின நாள் நல்ல மழை. வழக்கமாக நாம் இறங்கி நடந்து கிட்டப் போகிற வாய்க்காலில் இடுப்பளவு தண்ணீர் ஓடியது. தாண்ட முடியாது. இந்தப் பக்கமே உட்கார்ந்தோம். வெளிச்சம் வந்து கொஞ்ச நேரத்தில் எதிர்க் கரை நிலத்துக்குள் ஒரு பெரிய பெண் பன்றி தனியாக வந்து நின்றது. நீ குறி பார்த்துக்கொண்டே, நம்பர் சொல்லு என்றாய்.

"தொண்ணூத்தி எட்டு."

"தொண்ணூத்தி எட்டா?"

"ஆமாடா."

நீ இரண்டாவது தடவை கேட்டதை நான் மறக்கவே இல்லை. அவ்வளவு தூரத்தில் நீ சுட்டதே கிடையாது. ஆனாலும் கோட்டுக்குள் இருக்கிறது, நான் வேறு ஆமாம் என்கிறேன். புத்தகம் மூடின மாதிரி அந்தச் சத்தம். பன்றி அலறி உருண்டு எழுந்து, ஒரு முன்னங்காலை இழுத்துக்கொண்டு முள் புதருக்குள் போய்விட்டது.

சுற்றிக்கொண்டு பாலம் வழியாக அந்தப் பக்கம் போனோம். முதலில் புல்லில் சொட்டுச் சொட்டாக ரத்தம் இருந்தது. பிறகு அதுவும் இல்லை. நாலு மணி நேரம் தேடினோம். நிலத்துக்காரர் டிரக்கில் வந்து பார்த்துவிட்டு, கயோட்டி நரிகள் பார்த்துக்கொள்ளும், வீட்டுக்குப் போங்கள் என்றார். நீ முட்டி போட்டு முள்ளுக்குள் நுழைந்தாய். அடிபட்டதைத் தேடாமல் வருகிறவன் வேட்டைக்காரனே இல்லை என்று நீ அடிக்கடி சொல்வதுண்டு. அன்றைக்கு விடாமல் தேடிக்கொண்டே இருந்தாய்.

பன்றி நின்ற இடத்தில் என்னை நிற்கச் சொல்லியிருந்தாய். வேறு வேலை இல்லாமல், நாம் உட்கார்ந்திருந்த இடத்தைக் கருவி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். தொண்ணூற்றெட்டு. பக்கத்து மூலையில் சின்னதாக M.

தொண்ணூற்றெட்டு மீட்டர். அதாவது நூற்று ஏழு கஜம். மனக்கணக்கு போட ஒரு நொடிகூட ஆகவில்லை, எஞ்சினியர் இல்லையா. தோட்டா இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக இறங்கிக் காலை உடைத்திருக்கிறது. அதைவிட, நூற்று ஏழு என்று நான் சொல்லியிருந்தால் நீ சுட்டே இருக்கமாட்டாய். கருவியைப் பையில் போட்டேன். அந்தப் பொத்தானை அழுத்தித் திரும்ப மாற்றிவைக்கக்கூடக் கை வரவில்லை. அழுத்தினால் செய்த தப்பை ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும் என்று இருந்தது.

நீ சட்டை கிழிந்து, முழங்கை கீறலோடு வெளியே வந்து ஈரத் தரையில் உட்கார்ந்தாய். இரண்டு கைகளையும் முன்னால் நீட்டிப் பார்த்தாய்.

"கை நடுங்கிடுச்சு மாப்ள."

அப்போது சொல்லியிருக்க வேண்டும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? விடுறா, நமக்கும் வயசாகுதுல்ல என்றேன்.

அதற்கப்புறம் நீ துப்பாக்கியைத் தொடவே இல்லை. யார் வீட்டுப் பாட்லக் விருந்தில் யார் கேட்டாலும், கை சரியில்லை அங்கிள் என்று சிரித்துக்கொண்டே சொல்வாய். பக்கத்திலேயே நான் தட்டோடு நின்றுகொண்டிருப்பேன். நீ என் பக்கம் திரும்பாமல், அந்த ரசத்தைக் கொஞ்சம் தள்ளு மாப்ள என்பாய். தள்ளுவேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற வேலையை நான் வருடக்கணக்கில் செய்தேன். மறைந்துவிட்டது என்றும் நம்பிக்கொண்டிருந்தேன்.

மூன்று வருடம் கழித்து உன் கையிலிருந்து காபி டம்ளர் நழுவ ஆரம்பித்தது. பிறகு வார்த்தைகள் நழுவின. ஸ்கேனில் மூளைக் கட்டி என்று வந்தது. அந்த ஆஸ்பத்திரி அறையில் டாக்டர், முதன்முதலில் எப்போது கவனித்தீர்கள் என்று கேட்டார். செல்வி அந்தப் பன்றிக் கதையைச் சொன்னாள். நீ தலையணையில் தலையை இப்படியும் அப்படியும் ஆட்டினாய். வாயிலிருந்து ஏதோ சத்தம் வந்தது, வார்த்தையாக வரவில்லை. உனக்கு உடம்புக்கு முடியவில்லை என்று நர்ஸ் தலையணையைச் சரி செய்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன். மருந்துதான் படுத்துகிறது என்று செல்விக்குச் சமாதானம் வேறு சொன்னேன்.

போன ஞாயிற்றுக்கிழமை டின்னைத் திறந்தேன். இருபது தோட்டா. உறைக்குள் லேசர் கருவி. கண்ணில் வைத்து ஆன் செய்தேன், மூலையில் கஜத்துக்கான Y வந்தது. நான் M என்று விட்டது. நான் மாற்றவில்லை.

மூடிக்குள் அந்த அட்டை. நூறு கஜத்துக்குக் கீழே நீ போட்ட கோடு. கோட்டுக்குக் கீழே வேறொரு பேனாவில் உன் கிறுக்கல் எழுத்து: 98 மீ = 107 கஜம். முதலில் M-ஆ Y-ஆ பார். பக்கத்தில் தேதி. பொங்கல் விழாவுக்கு அடுத்த வாரத்து ஞாயிறு. பன்றியைத் தொலைத்ததற்கு மறுநாள்.

மறுநாளே உனக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை பாட்லக்கிலும் தெரிந்தேதான் ரசத்தைத் தள்ளச் சொல்லியிருக்கிறாய்.

எனக்கு முதலில் வந்தது கோபம்தான். இதை உன்னிடம் மறைக்க மாட்டேன். ஒரு வார்த்தை திட்டியிருந்தால் என்னடா? மடையா, மீட்டரை மாத்தலையாடா என்று கேட்டிருந்தால், ஆமாண்டா என்று சொல்லிவிட்டு அன்றைக்கே நிம்மதியாகத் தூங்கியிருப்பேன். நானாக வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தாயா? இல்லை, இவன் சொல்லமாட்டான், பாவம், பழியை நாமே வைத்துக்கொள்வோம் என்று விட்டுவிட்டாயா? எதுவென்று இனி எனக்குத் தெரியப் போவதில்லை. ஆனால் அந்தத் தலையாட்டல் எதற்கு என்று இப்போது தெரிகிறது. எனக்காகச் சொன்ன சின்னப் பொய் செல்வியின் தலையில் போய் விடிந்ததைப் பார்த்துவிட்டாய். அதைத் திரும்ப எடுக்க உன்னிடம் வார்த்தை இல்லை. என்னிடம் இருந்தது. நான் ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்து தலையணையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

போனில் சொல்லிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு காரை எடுத்தேன். எட்டே நிமிடத் தூரம்தான், உனக்குத் தெரியும். ஐந்து வருடம் ஆகியிருக்கிறது எனக்கு.

செல்வி கதவைத் திறந்ததும் அட்டையைக் கையில் கொடுத்தேன். ஷூவைக் கழற்றாமல், வாசலிலேயே நின்று சொல்லி முடித்தேன். ஃபுட்பால் மைதானம், மீட்டர், தொண்ணூற்றெட்டு, நான் பையில் போட்டது, வயசாகுதுல்ல என்றது, எல்லாமே. அவள் அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். மாடிப் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"அப்போ அன்னைக்கு அவர் கை நல்லாத்தான் இருந்துச்சா?"

"நல்லாத்தான் இருந்துச்சும்மா. நான் சொன்ன நம்பர்தான் தப்பு. அப்போ ஸ்கேன் எடுத்திருந்தாலும் ஒண்ணும் தெரிஞ்சிருக்காது."

ஸ்கேனைப் பற்றி எனக்கு என்ன தெரியும், நான் டாக்டரா? ஆனாலும் அதைச் சேர்த்தே சொன்னேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதைச் சொல்ல உங்களுக்கு இத்தனை வருஷம் ஆச்சா அண்ணா?"

அவள் காபி சாப்பிடுறீங்களா என்று கேட்கவில்லை. கராஜோடு திரும்பிய நாளை விட்டுவிட்டால், உன் வீட்டுக்கு வர ஆரம்பித்த நாளிலிருந்து காபி குடிக்காமல் நான் படி இறங்கியது இதுதான் முதல் தடவை. அது நியாயம்தான். அட்டையைத் திருப்பித் தரவும் இல்லை. அது அவளிடம் இருப்பதுதான் சரி.

காரில் ஏறப் போகும்போது கதவருகில் வந்து கூப்பிட்டாள். போன தடவை கராஜில் கேட்ட குரல் இல்லை.

"இன்னொரு தடவை சொல்லுங்க அண்ணா."

கை நல்லா இருந்துச்சும்மா என்று சொன்னேன். தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

தோட்டாக்களை நாளைக்கு நிலத்துக்காரரிடம் கொடுத்துவிடுவேன். பன்றிகள் இன்னும் வருகின்றனவாம். கருவியை மட்டும் நான் வைத்துக்கொண்டேன், செல்வியிடம் கேட்டுவிட்டுத்தான். சாயங்காலம் வீட்டுக்குப் பின்னால் நின்று வேலி, மரம், பக்கத்து வீட்டுக் கூரை என்று எதையாவது அதில் பார்க்கிறேன். எண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் மூலையில் இருக்கிற எழுத்தைப் பார்க்கிறேன். பார்த்து என்ன ஆகப்போகிறது என்று என் வீட்டம்மா கேட்கிறாள். ஒன்றும் ஆகப்போவதில்லை.

ஆனால் நீ அன்றைக்கு இரண்டாவது தடவை கேட்டாயே, தொண்ணூத்தி எட்டா என்று, அந்தக் கேள்வி என் காதில் அப்படியேதான் நிற்கிறது. உன் சிள்வண்டு மாதிரி, ஓயவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு தடவையும் சரியான பதிலைத்தான் சொல்கிறேன். இல்லடா, நூத்தி ஏழு. சுட வேண்டாம், வா, போய் டாக்கோ சாப்பிடலாம்.